பிரிமாவில் வேலை என்றால் யாருக்கு விளங்கும்?

திருமலையில், அதாவது திருகோணமலையில், யாரிடமாவது “உங்கட மகன் இப்ப என்ன வேலை?” என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலில் வேலை இருக்காது, இடம்தான் இருக்கும். “பிரிமாவில.” “சீமெந்து ஃபெக்டரியில.” “போர்ட்ல.” “ஐஓசியில.” “நிலாவெளியில ஒரு ஹோட்டல்ல.” கேட்டவருக்கும் அதுவே போதும், மேற்கொண்டு கிண்ட மாட்டார். சீனக்குடாவில் பிரிமா மாவாலை 1980இல் ஓடத் தொடங்கியது. இத்தனை வருடத்தில் அதன் பெயர் இந்த ஊரில் ஒரு முழு வாக்கியமாகவே ஆகிவிட்டது. சம்பளம் எப்படி, ஷிஃப்ட் எப்போது மாறும், பெண் கொடுக்கலாமா என்பது வரை அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். ஊருக்குள் இது நல்ல சிக்கனம். வினை எங்கே வருகிறதென்றால், நம் ஆக்கள் லிங்க்ட்இன் புரொஃபைலிலும் இதே பதிலைத்தான் எழுதி வைக்கிறார்கள். எங்கே வேலை செய்கிறோம் என்று இருக்கிறது, என்ன செய்கிறோம் என்று இல்லை. ஆள் தேடுகிறவர்களின் கண்ணில் திருமலைக்காரர் படாமல் போவதற்கு முதற்காரணம் இதுதான் என்பது என் கட்சி. படம் சரியில்லை, ஆங்கிலம் போதாது, தினம் ஒரு போஸ்ட் போடுவதில்லை என்று சொல்லப்படுகிற மற்றக் காரணங்களெல்லாம் இதற்குப் பின்னால் வரிசையில் நிற்கட்டும்.

தேடுகிறவர் எப்படித் தேடுகிறார் என்று தெரிந்தால் இது தானாக விளங்கும். 2003 மே மாதம் தொடங்கிய லிங்க்ட்இன்னை 2016இல் மைக்ரோசொஃப்ட் 26.2 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2023 நவம்பரில் உறுப்பினர் தொகை 100 கோடியைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். 100 கோடிப் பேரின் பக்கத்தை உட்கார்ந்து வாசிக்கிற மனிதர் எந்த நாட்டிலும் இல்லை. ஆள் எடுக்கிற கம்பனிகளுக்கென்று ‘ரெக்ரூட்டர்’ என்ற தனிச் சேவை இருக்கிறது, காசு கட்டி வாங்குவது. அதைத் திறந்தால் கட்டங்கள்: பதவி, ஊர், திறன், அனுபவம், படித்த இடம், வேலை செய்த கம்பனி. கட்டங்களில் சொற்களைப் போட்டுத் தட்டினால் ஒரு பட்டியல் வந்து விழும். பட்டியலில் ஒவ்வோர் ஆளுக்கும் கிடைப்பது ஒரு சின்னப் படம், பெயர், பெயருக்குக் கீழே முகப்பு வரி, ஊர், கடைசியாகச் செய்த வேலைகள். நம் பக்கத்தை அவர் திறக்கிறாரா இல்லையா என்பது அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கும் முன்னால், அந்தப் பட்டியலில் நாம் இருக்கிறோமா என்பது அவர் தட்டிய சொல் நம் பக்கத்தில் இருக்கிறதா என்பதோடு முடிந்துவிடுகிறது. அவர் “பிரிமாவில் வேலை செய்கிறவர்” என்று தேடினால் நாம் அகப்படுவோம். ஆனால் அவருக்கு வேண்டியது தானியம் இறக்குகிற இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த ஒருவர். அந்தச் சொல்லைத்தான் அவர் தட்டுவார்.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2021இல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் சேர்ந்து ‘மறைந்திருக்கும் தொழிலாளர்’ என்ற பொருளில் ஓர் அறிக்கை வெளியிட்டன. அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய 3 நாடுகளின் கம்பனிகளைக் கேட்டு எழுதியது. விளம்பரத்தில் கேட்ட நிபந்தனைக்கு அச்சொட்டாகப் பொருந்தாததால், வேலை தெரிந்த ஆக்களையே தங்கள் மென்பொருள் வடிகட்டி எறிந்துவிடுகிறது என்று 88 சதவீதமான நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன. கவனியுங்கள், இதைச் சொன்னவர்கள் வேலை கிடைக்காதவர்கள் அல்லர், வேலை கொடுக்கிறவர்கள். அந்த அறிக்கை விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருளைப் பற்றியது, லிங்க்ட்இன் தேடல் அதன் ஒன்றுவிட்ட சகோதரம். இரண்டுக்கும் ஒரே குணம்: சொல் இருந்தால் ஆள் இருக்கிறார், சொல் இல்லையென்றால் ஆளே இல்லை. இது நியாயமான முறையா என்று கேட்டால், இல்லை. ஆனால் அது மாறும் வரை ஷிஃப்ட்டுக்குப் போகாமல் இருக்க முடியாது.

ஒரு கற்பனை ஆளை வைத்துப் பார்ப்போம். ஆலையில் 9 வருடம். கோதுமைக் கப்பல் ஜெட்டியில் கட்டியதும் வேலை தொடங்கும். அன்லோடரை ஓட்டுவார், கன்வேயர் பெல்ட்டில் போகிற தானியம் எந்த சைலோவுக்குப் போக வேண்டுமென்று பனலில் மாற்றிவிடுவார், ஈரப்பதத்துக்கு மாதிரி எடுத்துக் கொடுப்பார், பூச்சிக்கு மருந்தடிக்கிற நாளில் எந்த வாசலைப் பூட்ட வேண்டுமென்று தெரியும், இரவு ஷிஃப்ட்டில் 6 பேரைப் பார்த்துக்கொள்வார். இவருடைய முகப்பு வரி என்ன? லிங்க்ட்இன் தானாகவே போட்டுத் தருவது: ‘மெஷின் ஒப்பரேட்டர்’, பக்கத்தில் கம்பனியின் பெயர். உலகத்தில் எத்தனையோ லட்சம் மெஷின் ஒப்பரேட்டர்கள். தையல் மெஷின் ஓட்டுகிறவரும் மெஷின் ஒப்பரேட்டர்தான், போத்தலுக்கு மூடி போடுகிறவரும் மெஷின் ஒப்பரேட்டர்தான். முகப்பு வரியில் 220 எழுத்து வரை இடம் தருகிறார்கள், அவர் பாவித்தது அதில் கொஞ்சம். அதே மனிதர் ‘கிரெய்ன் ஷிப் அன்லோடிங், சைலோ அன்ட் கன்வேயர் ஒப்பரேஷன்ஸ், பிஎல்சி கொன்ட்ரோல் பனல், ஷிஃப்ட் சூப்பர்வைசர், 9 இயர்ஸ்’ என்று எழுதினால் என்ன ஆகிறது? சிங்கப்பூரிலோ ஓமானிலோ தானிய முனையத்துக்கு ஆள் தேடுகிறவர் எந்த வார்த்தையால் தேடினாலும் ஏதாவது ஒன்றில் தட்டுப்படுவார். ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. ஊருக்குள் சொல்லத் தேவைப்படாததை வெளியே சொன்னார், அவ்வளவுதான். (இங்கே நான் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், பக்கத்தில் போடும்போது ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.)

இங்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. பதவி என்ற கட்டத்தில், சேர்விஸ் லெட்டரில் கம்பனி என்ன எழுதித் தருமோ அதைத்தான் போட வேண்டும். பின்னால் விசாரிக்கிறபோது ஒன்றுக்கொன்று முரணாக வந்தால் கையில் வந்த வேலை போய்விடும். ஆனால் முகப்பு வரியும், தன்னைப் பற்றி எழுதுகிற பகுதியும், வேலை விவரமும் நம்முடையவை. அங்கே அந்த வேலைக்கு வெளியுலகம் வைத்திருக்கிற பெயரை எழுதலாம். நம் ஊரின் பல வேலைகளுக்கு இது அவசியமே. ‘வாஃப் கிளார்க்’ என்பது கொழும்பிலும் திருமலையிலும் துறைமுகத்தோடு தொடர்புள்ள எவருக்கும் தெரிந்த சொல். சுங்கத்தில் பத்திரங்களைக் கொடுத்துச் சரக்கை விடுவித்துக்கொண்டு வருகிறவர். அதே வேலைக்கு டுபாயில் ஆள் தேடுகிறவர் ‘கஸ்டம்ஸ் கிளியரன்ஸ்’ என்று தட்டுவார், ‘ஃப்ரெய்ட் ஃபோர்வடிங்’ என்று தட்டுவார், ‘ஷிப்பிங் டொக்கியுமென்டேஷன்’ என்று தட்டுவார். ‘வாஃப் கிளார்க்’ என்று தட்டினால் அவர் நம் நாட்டுக்காரராகத்தான் இருப்பார். இரண்டு பெயரையும் போடுங்கள். அரச சேவையின் தரவரிசைப் பெயர்களுக்கும் இதே வைத்தியம். ‘தரம் மூன்று’ என்பது சம்பளப் பட்டியலுக்குத் தேவை, தேடல் பெட்டிக்கு அது வெறும் எண்.

இதைச் சொன்னவுடன் வருகிற முதல் மறுப்பு ஆங்கிலம். தமிழில் படித்த பிள்ளை எப்படி எழுதும்? என் பதில் என்னவென்றால், இந்தத் தேடலுக்கு வாக்கியமே தேவையில்லை, பெயர்ச்சொல் போதும். ஆங்கிலத்தில் நாலு வரி பிழையில்லாமல் எழுதத் தயங்குகிற ஒருவர் தன் வேலையில் வருகிற இருபது முப்பது பொருளின், கருவியின், செய்கையின் ஆங்கிலப் பெயரைத் தினமும் வாயால் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். போர்க்லிஃப்ட், வெயிபிரிட்ஜ், கிளிங்கர், கிரைண்டிங், பல்க் லோடிங், ஷட்டவுன் மெயின்டனன்ஸ். இலக்கணம் இல்லாத இந்தப் பட்டியல்தான் தேடல் பெட்டியின் உணவு. மாறாக, யாரோ எழுதிக் கொடுத்த ‘கடின உழைப்பும் ஆர்வமும் மிக்க, குழுவாக இயங்கும் ஆற்றல் கொண்ட’ என்கிற மாதிரி அழகான ஆங்கிலப் பந்தியில் தேடத்தக்க சொல் ஒன்றுகூட இருக்காது. அந்தப் பந்திக்காக நம் பெடியள் காசு கொடுக்கிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல். மொழியைப் பற்றி லிங்க்ட்இன் மீதும் குறை இருக்கிறது. 2021 டிசம்பரில் இந்தியில் வந்தார்கள், 2024இல் வங்காளி, தெலுங்கு, மராத்தி, பஞ்சாபி எல்லாம் சேர்த்தபோது தமிழைச் சேர்க்கவில்லை. அது தனிச் சண்டை.

சின்னச் சின்னக் கட்டங்களில் விடுகிற பிழைகளும் உண்டு, அவற்றில் இரண்டைச் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒன்று, படித்த இடம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படித்தவர்கள் அதை ‘டிரிங்கோ கம்பஸ்’ என்றும், சுருக்கெழுத்தாகவும், ஊர்ப் பெயரோடும் பெயரில்லாமலும் பல விதமாக எழுதுகிறார்கள். எழுதத் தொடங்கும்போது கீழே விரிகிற பட்டியலிலிருந்து நிறுவனத்தைத் தெரிவு செய்யாமல் நாமே தட்டி விட்டால், அது வெறும் எழுத்தாக நின்றுவிடும். படித்த இடத்தை வைத்துத் தேடுகிறவருக்கு நாம் அகப்பட மாட்டோம், அதே வளாகத்தில் படித்து இன்று நல்ல இடத்தில் இருக்கிற சீனியருக்கும் அகப்பட மாட்டோம். மற்றது, பெயர். நம் ஆக்களுக்கு முன்னெழுத்து அப்பாவுடையது. முதற்பெயர் என்ற கட்டத்தில் ‘கே.’ என்று போட்டு, இரண்டாவது கட்டத்தில் சொந்தப் பெயரைப் போட்டால், வருகிற தகவல் “ஹாய் கே.” என்று தொடங்கும். கடவுச்சீட்டில் இருக்கிற வரிசைப்படி முழுப்பெயரையும் போட்டால் “ஹாய் கந்தசாமி” என்று அப்பாவுக்கு வேலை கொடுப்பார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் முகம்மது என்று தொடங்குகிற பெயர்களுக்கு இன்னொரு சிக்கல்: பெயரைச் சொல்லி ஒருவரைத் தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். கூப்பிடுகிற பெயர் முதற்கட்டத்தில், பக்கத்தின் முகவரியில் பெயரோடு தொழிலையும் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது.

ஊர் என்ற கட்டம் அவ்வளவு லேசில் தீராது. இங்கே என் வாதத்துக்கு எதிராகவே ஒரு சாட்சி நிற்கிறது, வேறெதுவும் இல்லை, நம் துறைமுகம்தான். உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று, 1,630 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. பிரிட்டிஷ் கடற்படையின் வரைபடத்தில் அதன் ஒவ்வொரு பாகம் ஆழமும் குறிக்கப்பட்டிருந்தது. கப்பலோட்டிகளில் திருகோணமலையைத் தெரியாதவர் இல்லை. ஆனாலும் 1875இல் கொழும்பில் அலைதாங்கிக்கு அடிக்கல் வைத்து, திறந்த கடலோரமாகக் கிடந்த இடத்தைக் கல்லைப் போட்டு மறித்துத் துறைமுகமாக்கினார்கள். 1885இல் அது முடிந்தபோது வணிகக் கப்பல்கள் அங்கே போயின. காரணம், கோப்பியும் தேயிலையும் விளைந்த மலைநாட்டுக்குக் கொழும்புதான் கிட்ட, ரயிலும் 1867இலேயே கண்டியிலிருந்து கொழும்புக்கு ஓடத் தொடங்கியிருந்தது. தெரிந்திருந்தும் வரவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. ஆகவே பக்கத்தைத் திருத்தினால் வேலை திருமலைக்கு வந்து நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தனியார் வேலைகளில் பெரும்பங்கு மேல் மாகாணத்தில் குவிந்து கிடக்கிறது, தேடுகிறவர் ஊர் என்ற கட்டத்தில் கொழும்பைப் போட்டவுடன் நாம் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறோம். அதற்காகத் திருமலையில் இருந்துகொண்டு ஊரைக் கொழும்பு என்று போடுவது சரியில்லை. வேலை தேடுவதாக அறிவிக்கிற இடத்தில் எந்தெந்த ஊருக்குப் போகத் தயார் என்று குறிப்பிட வழி இருக்கிறது. அங்கே கொழும்பு, டோஹா, மாலே என்று உண்மையாகவே போகக்கூடிய இடங்களைப் போடலாம்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. வேலை திருமலைக்கு வரும்போதும் நாம் தெரியாமல் இருந்தால் என்ன நடக்கும்? 2022 ஜனவரியில் எண்ணெய்த் தாங்கிப் பண்ணை ஒப்பந்தம் கைச்சாத்தானது. 99 தாங்கிகளில் 61ஐ இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 51 சதவீதமும் லங்கா ஐஓசி 49 சதவீதமும் வைத்திருக்கிற ஒரு கூட்டுக் கம்பனி அபிவிருத்தி செய்யும் என்பது ஏற்பாடு. சம்பூரில் வரவிருந்த அனல் மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டு, அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கி வைக்கப்பட்டது. இப்படி ஒன்று வரும்போதெல்லாம் ஊருக்குள் ஒரு கோபம் எழும்: வெளியாக்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பதில் வரும்: இங்கே தேர்ச்சி உள்ளவர் இல்லை. அந்தப் பதிலில் சாட்டு எவ்வளவு, உண்மை எவ்வளவு என்று அறிய ஒரு வழிதான் உண்டு. வெல்டிங் இன்ஸ்பெக்டர், திருகோணமலை மாவட்டம் என்று யாராவது தட்டும்போது அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்கக் கூடாது. வெறுமையாக இருந்தால் சாட்டுச் சொல்கிறவருக்கு நாமே அத்தாட்சி எடுத்துக் கொடுத்த மாதிரி.

அடுத்த மறுப்பு கொஞ்சம் கனமானது. “இதெல்லாம் ஐடி ஆக்களுக்கு. எங்கட ஊரில ஆள் தெரிஞ்சாத்தான் வேலை.” இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது, ஆய்வே இதற்குப் பாதி ஆதரவாக நிற்கிறது. நெருங்கிய உறவுகளைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்களால்தான் வேலை கிடைக்கிறது என்று 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து, 2022 செப்டெம்பரில், ‘சயன்ஸ்’ இதழில் லிங்க்ட்இன்னிலேயே அதைப் பரிசோதித்து ஒரு கட்டுரை வந்தது. 2 கோடி உறுப்பினர், 5 வருடம், 6 லட்சம் புதிய வேலைகள். உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடும் என்று தளம் காட்டுகிற ஆக்களை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு விதமாக மாற்றிக் காட்டிப் பார்த்தார்கள். (அந்த 2 கோடிப் பேருக்கும் தாங்கள் பரிசோதனையில் இருப்பது தெரியாது. அது சரியா என்ற சர்ச்சையும் கிளம்பியது.) முடிவு கிரானோவெட்டர் சொன்னதோடு ஒத்தது, ஆனால் ஒரு திருத்தத்தோடு. கணினி சார்ந்த துறைகளில் தூரத்துப் பழக்கம் உதவியது. கணினி அதிகம் நுழையாத துறைகளில் நெருங்கிய பழக்கமே கூடுதலாக உதவியது. ஆக ஆலை வேலைக்கும் துறைமுக வேலைக்கும் மாமாதான் இன்னும் பலம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மாமாவின் பலம் எது வரைக்கும்? அவர் வேலை செய்கிற கேட் வரைக்கும். அங்கே வெற்றிடம் இல்லையென்றால் மாமாவும் இல்லை. மாமாவுக்குத் தெரிந்தவர் கட்டாரில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பென்றால் சீவியைக் கவரில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். இன்று அவர் வட்ஸ்அப்பில் கேட்பது, “உன்ர லிங்கை அனுப்பு.” அனுப்பிய லிங்க்கைத் திறந்து பார்த்தால் கம்பனியின் பெயரும் ஒரு கலியாண வீட்டுப் படமும் இருக்கிறது. சிபாரிசு பண்ணுகிறவர் எச்ஆரிடம் என்னத்தைச் சொல்வார்? நல்ல பெடியன் என்பார். நல்ல பெடியனுக்கு எந்தக் கம்பனியிலும் தனியாக ஒரு பதவி இல்லை. சிபாரிசுக்கு மாற்றாக இந்தப் பக்கத்தை நான் முன்வைக்கவில்லை. சிபாரிசு செய்கிறவரின் வாயில் என்ன சொல் இருக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது.

பெயரைப் பார்த்தே தள்ளிவிடுவார்களே என்பது இன்னொரு மறுப்பு, அதுவும் பொய்யில்லை. பொஸ்டனிலும் சிகாகோவிலும் ஏறக்குறைய 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பி 2004இல் பேர்ட்ரண்ட், முல்லைநாதன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள். தகுதி ஒன்றாக இருந்தும், வெள்ளையர் பெயர்போல் ஒலித்த விண்ணப்பங்களுக்கு அழைப்பு 50 சதவீதம் கூடுதலாக வந்தது. நம் நாட்டில் பெயரைப் பார்த்தால் இனமும் மதமும் தெரியும், சில வேளை ஊரும் தெரியும். லிங்க்ட்இன் பொறியியலாளர்கள் ரெக்ரூட்டர் தேடலில் ஆண் பெண் விகிதம் ஒரு பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்ததாக 2019இல் எழுதினார்கள். அது பால் வேறுபாட்டுக்கு மட்டும். கிழக்கிலங்கைத் தமிழருக்கோ முஸ்லிமுக்கோ அப்படி ஒரு காவல் கிடையாது. இருந்தும் என் வாதம் இதனால் பலவீனப்படுவதாக நான் நினைக்கவில்லை. பாரபட்சம் காட்டுகிறவர் பட்டியலில் பெயரைப் பார்த்த பிறகுதான் காட்ட முடியும். பட்டியலிலேயே வராதவருக்குப் பாரபட்சம் இல்லாத 10 பேரும் சேர்த்துத்தான் இல்லாமல் போகிறார்கள்.

தம்பட்டம் அடிக்கக் கூச்சம் என்கிறவர்களுக்கு ஒரே வரியில் பதில்: செய்த வேலையைப் பெயர் சொல்லி எழுதுவது தம்பட்டம் ஆகாது, ‘கனவு காண்பவன், தலைவன், உலகை மாற்றுபவன்’ என்று எழுதுவதுதான் தம்பட்டம். தினம் ஒரு போஸ்ட் போடச் சொல்லிக் கொடுக்கிற யூடியூப் ஆசான்களையும் நான் பெரிதாக எடுப்பதில்லை. பதவி, ஊர், திறன் என்ற கட்டங்கள் நிரம்பியிருந்தால், ஒரு போஸ்ட்டும் போடாத ஆளும் அந்தத் தேடலில் வருவார்.

கூச்சத்தைவிடப் பயத்துக்கு நியாயம் கூட. நல்லவர் கண்ணில் படுகிற பக்கம் கெட்டவர் கண்ணிலும் படும். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து வெளிநாடு போனார்கள். அந்த அவசரத்துக்குள் புகுந்தவர்கள் பலர். தாய்லாந்தில் கொம்பியூட்டர் வேலை என்று கூட்டிப்போய் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட இலங்கை இளைஞர்களின் கதை 2023, 2024இல் திரும்பத் திரும்பச் செய்தியில் வந்தது. தகவல் அனுப்புகிறவர் எந்த முகவரின் பெயரைச் சொல்கிறாரோ, அதற்குப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் கடவுச்சீட்டின் பிரதியை அனுப்ப வேண்டும். உள்ளூர்ப் பயம் வேறு: இருக்கிற முதலாளிக்குத் தெரிந்துவிட்டால்? வேலை தேடுவதாகக் காட்டுகிற பச்சை வளையத்தைப் படத்தில் போட்டால் எல்லாருக்கும் தெரியும், ஆள் எடுக்கிறவர்களுக்கு மட்டும் காட்டுகிற தெரிவும் உண்டு. ஆனால் அது முழு மறைப்பு என்று லிங்க்ட்இன்னே உத்தரவாதம் தருவதில்லை. சின்ன ஊர், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்தைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்ட வழி இருக்கிறது, படம் போடத் தயங்குகிற பெண்கள் அதற்காகப் பக்கத்தையே மூட வேண்டாம். வந்த தகவலுக்குப் பதில் போடுங்கள், வேண்டாம் என்றாலும் போடுங்கள். தேடலில் ஆளை வரிசைப்படுத்தும்போது அவர் பதில் தரக்கூடியவரா என்பதையும் கணக்கில் எடுக்கிறோம் என்று அவர்களின் பொறியியலாளர்கள் 2018இலேயே எழுதியிருக்கிறார்கள்.

கட்டங்களுக்குள் அடங்காத வேலைகளும் நம் மாவட்டத்தில் இருக்கின்றன. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டலிலும் டைவிங் சென்டரிலும் வேலை செய்கிறவருக்கு ஏப்ரல், மேயில் சீசன் தொடங்கி செப்டெம்பர், ஒக்டோபரோடு முடியும். வாடைக் காற்று அடித்தால் கடல் மூடிவிடும். பலர் அப்போது தெற்கே ஹிக்கடுவை, உனவட்டுனைப் பக்கம் போய்விடுவார்கள். இதைத் தேதிப்படி போட்டால் வருடத்துக்கு இரண்டு தடவை வேலை மாறுகிற நிலையில்லாத ஆள்போலத் தெரியும். புறாத்தீவிலும் சுவாமி மலையடியிலும் தொடர்ந்து 8 சீசன் என்று எழுதினால் மாலைதீவில் டைவ் கைட் தேடுகிறவருக்கு அதுவே தகுதி. மேன்பவரில், அதாவது ஆள் வழங்குகிற கம்பனி மூலம், வேலை செய்கிறவர் பாடு இன்னும் சிக்கல். கேட் பாஸில் ஒரு கம்பனி, சம்பளச் சீட்டில் வேறு கம்பனி. பெரிய கம்பனியின் பெயரைப் போட்டால் விசாரணையில் அப்படி ஒருவர் இல்லை என்பார்கள். மேன்பவர்க்காரரின் பெயரைப் போட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. சம்பளம் தருகிறவர் பெயரைக் கம்பனிக் கட்டத்தில் போட்டு, எந்த ஆலையில் எந்த இயந்திரத்தில் நின்றோம் என்பதை விவரத்தில் எழுதுவதுதான் வழி. ஊர் வழக்கம் இடத்தின் பெயரைச் சொல்லி வேலையை மறைக்கிறது என்றால், இவர்களுக்கு அந்த இடத்தின் பெயர்கூடச் சொந்தமில்லை.

லிங்க்ட்இன் பக்கமே போகாதவர்களும் இருக்கிறார்கள். கயிறு கட்டுகிறவர், கிரேன் ஓட்டுகிறவர், பட்டறையில் கைவேலையாகப் பழகியவர். கையில் ஒரு தாளும் இல்லை என்பது இவர்களின் குறை. என்விகியூ எனப்படும் தேசிய தொழில்சார் தகைமையில் 1 முதல் 7 வரை மட்டங்கள். வகுப்புக்குப் போகாமல், செய்த அனுபவத்தை வைத்தே அதில் சான்றிதழ் எடுக்கிற வழிக்கு ஆர்பிஎல் என்று பெயர். மதிப்பிட வருகிறவருக்கு “போர்ட்ல” என்ற பதில் போதாது, என்ன செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்பார். 20 வருடம் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லி வந்தவர் அப்போதுதான் வாயைத் திறக்க வேண்டி வரும்: வயர் ரோப்பில் அறுந்த இழைகளை எப்படி எண்ணுவது, எத்தனை அறுந்தால் ரோப்பைக் கழற்றுவது, எந்தக் காற்றுக்குப் பூமை இறக்குவது, எந்தச் சத்தம் கேட்டால் யார் கத்தினாலும் கேளாமல் லிவரிலிருந்து கையை எடுப்பது.